பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு: விருந்தாளியைத் தங்க வைப்பதா, வீட்டையே விட்டுவிடுவதா, பகலோடு அனுப்பிவைப்பதா?

"தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஹோம்ஸ்டே ஆரம்பிக்கலாமா?"

ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இந்தக் கேள்வி எனக்குப் பலரிடமிருந்து வந்துவிட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் எங்கள் பழைய வீட்டை வைத்துக்கொண்டு 2022-லிருந்து நானும் சின்ன அளவில் விருந்தாளிகளை வரவேற்கிறேன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று ரகம். கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள் ஒரு ரகம். மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் பக்கத்திலிருந்து எழுதிய ஒருவர் அப்படி. அவர், மனைவி, எழுபதைத் தொடும் அப்பா அம்மா, இரண்டு கட்டு வீடு. அடுத்தது, ஊரில் யாருமே இல்லாத குடும்பங்கள். திருக்கருகாவூர் பக்கம் ஒரு வீட்டுக்கு அண்ணன் தம்பி நான்கு பேர் சொந்தக்காரர்கள், நான்கு பேரும் நான்கு ஊரில். மூன்றாவது ரகத்துக்கு வீடு சின்னது, ஆனால் கையில் தொழில் இருக்கிறது. சுவாமிமலையில் சிலைப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர், மாடியில் இரண்டு அறை எழுப்பினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தார்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. மூவருமே ஹோம்ஸ்டே என்ற ஒரே வார்த்தையோடு வந்ததுதான் எனக்குக் கொஞ்சம் கவலை.

## முதலில் 2020-ஐ நினைத்துப் பாருங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி. ஊரே நிரம்பி வழிந்தது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், முடிவதற்குள்ளேயே கோயில் மூடப்பட்டது. மார்ச் 17 முதல் தொல்லியல் துறையின் எல்லாச் சின்னங்களையும் மூடச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஊரடங்கு. தமிழ்நாட்டில் கோயில்கள் பொதுவாகத் திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதி. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடி ஜூலையில் திறந்தார்கள். அதற்கப்புறமும் சில மாதம் வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனம் கிடையாது. அக்டோபர் நடுவில்தான் அந்தத் தடை நீங்கியது. வெளியூர்க்காரர்கள் வருவதே அந்த மூன்று நாளில்தான்.

எண்ணிக்கையும் அதையே காட்டுகிறது. 2019-ல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகளின் வருகை 49 கோடிக்கு மேல் என்று அரசுக் கணக்கு. 2020-ல் அது 14 கோடி. வெளிநாட்டவர் 68 லட்சத்திலிருந்து 12 லட்சம். 2021-ல் அது ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வெளிநாட்டவருக்குச் சுற்றுலா விசாவை மறுபடி கொடுக்க ஆரம்பித்ததே 2021 அக்டோபரில்தான், வழக்கமான பன்னாட்டு விமானங்கள் ஓடியது 2022 மார்ச் கடைசியில்.

இப்போது கூட்டம் திரும்பிவிட்டது, சரி. ஆனால் டெல்டாவுக்கு ஆள் வராமல் போக நோய்த்தொற்றுதான் வரவேண்டும் என்றில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. 2024-ல் காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை கடைசியில்தான் திறந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்றால் "பச்சை வயலுக்கு நடுவில் ஓர் இரவு" என்று போட்ட விளம்பரத்துக்கு என்ன மதிப்பு?

## எதை வைத்து எடைபோடலாம்

கீழே வரும் நான்கு வழிகளில் எதுவானாலும் நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

1. ஆறு மாதம் ஒருவர்கூட வரவில்லை என்றால் மாதாமாதம் கையிலிருந்து எவ்வளவு போகும்?
2. தொடங்கக் கடன் வாங்க வேண்டுமா?
3. ராத்திரி அந்த வீட்டில் யார் படுத்திருப்பார்கள்?
4. ஊருக்கு என்ன மிஞ்சும், என்ன சேதமாகும்? தண்ணீர், கழிவுநீர், குப்பை, அக்கம்பக்கத்தாரின் நிம்மதி எல்லாமே இதில் அடக்கம்.
5. பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் பழையபடி ஆக்க முடியுமா?

வருமானத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். எல்லோரும் அதை முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

## வழி 1: வீட்டில் தங்க வைப்பது

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டப்படி ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு காவல்காரரை வைத்துவிட்டுச் சென்னையிலிருந்து போனில் நடத்துவது லாட்ஜ், ஹோம்ஸ்டே அல்ல. இந்த ஒரு விதியிலேயே திருக்கருகாவூர்க்காரர்கள் அடிபட்டுப் போகிறார்கள்.

செலவு எங்கே போகும் என்றால், கழிப்பறைக்கு. நம் பழைய வீடுகளில் அது கொல்லைக் கோடியில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கிணற்றைத் தாண்டிப் போக எந்த விருந்தாளியும் சம்மதிக்க மாட்டார். அறைக்கு ஒன்று கட்ட வேண்டும். அதற்குக் குழாய், மோட்டார், செப்டிக் டேங்க். இங்கேதான் டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். கார்த்திகையில் பல கிணறுகளில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். அந்த மண்ணில் அடி பூசாத டேங்க் கட்டினால் அது உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். அடியும் சுவரும் சிமெண்டு பூசிய டேங்க்தான் கட்ட வேண்டும், கிணற்றிலிருந்து கொல்லை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு தள்ளி.

பணக் கணக்கைக் கற்பனையாகவே போட்டுப் பார்ப்போம். இரண்டு அறை, ஓர் இரவுக்கு அறைக்கு 2,500 ரூபாய். வருடத்தில் 45 இரவு இரண்டும் நிரம்பினால் 2,25,000. முன்பதிவுத் தளத்துக்கு 15 சதவீதம் போனால் 33,750. சாப்பாடு, சலவை, வேலைக்கு வரும் அக்காவின் கூலி எல்லாம் சேர்த்து அறைக்கு 600 என்றால் 54,000. மிச்சம் 1,37,250. கழிப்பறை, மின்சாரம், ஓடு வேலைக்கு 6 லட்சம் கடன் வாங்கி, பத்து சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 60,000. கையில் நிற்பது 77,250. மாதம் ஆறாயிரத்துச் சொச்சம், அதுவும் அசலைத் தொடாமல். ஆள் வராவிட்டாலும் வட்டி கட்ட வேண்டும். கடன் இல்லாமல் இறங்கினால் இதே கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் ஓர் அறையோடு தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.

கணக்கில் வராத செலவுகள் இன்னும் அதிகம்.

பள்ளி விடுமுறை மே மாதத்தில். குடும்பத்தோடு வருபவர்கள் அப்போதுதான் வருவார்கள். ஆனால் மேட்டூர் வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12. மே மாதத்தில் ஆறு வெறும் மணல், உளுந்து பயறு எடுத்துவிட்ட வயல் வெடித்துக் கிடக்கும். சம்பா பச்சை கண்ணை நிறைக்கும் ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும். நம் ஊர் படத்தில் பார்ப்பது போல இருப்பது மார்கழி, தை. மொத்தத்தில் எட்டு, ஒன்பது வாரம்.

அடுத்தது தீட்டு. இதை ஆங்கிலத்தில் எழுதப்படும் எந்த வழிகாட்டியிலும் பார்க்க மாட்டீர்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு என்றால் அடுத்த பத்து நாள் வீட்டில் விருந்தாளி எப்படித் தங்குவார்? அப்பாவின் திதியன்று கூடத்தில் ஹோமம் நடக்கும்போது முற்றத்தில் ஒருவர் ஷார்ட்ஸோடு காபி கேட்டால்? எனக்கே ஒருமுறை தெருவில் துக்கம் நடந்து முன்பதிவை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. தளத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. காரணம் கேட்ட பெட்டியில் "தெருவில் பிரேதம் கிடக்கிறது" என்று எழுத ஒரு கட்டமும் இல்லை.

அப்புறம், அம்மா. "வீட்டுச் சாப்பாடு" என்று எழுதிவிடுகிறோம். அந்த ரசவாங்கியையும் கடப்பாவையும் செய்வது அறுபத்தெட்டு வயது அம்மா. வாரக் கடைசியில் அவருக்கு ஓய்வு கிடையாது. தொற்றுக்காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அரசு தடையை நீக்கிய பிறகும், வீட்டில் பெரியவர்கள் இருந்தவர்களால் வெளியாட்களை உள்ளே விட முடியவில்லை. விடுதிகள் திறந்த பிறகும் சில ஹோம்ஸ்டேக்கள் மூடியே கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். சமைத்துப் போட உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். இவை பெரிய வேலை இல்லை, மறந்தால்தான் தொல்லை.

எப்போது இது சரிவரும்? வீட்டில் ஐம்பது வயதுக்குக் கீழே இரண்டு பேராவது நிரந்தரமாக இருந்து, இருவரில் ஒருவருக்காவது வேறு வருமானமும் இருந்தால். குத்தாலம்காரருக்கு இது பொருந்தும். அவருக்கு நான் சொன்ன திருத்தம் ஒன்றுதான். ஓர் இரவு விருந்தாளிகளை விட்டுவிட்டு, லேப்டாப்போடு மாதக்கணக்கில் தங்க வருபவர்களைப் பிடியுங்கள். வாடகை குறைவாக இருக்கும், ஆனால் தினம் போர்வை துவைக்க வேண்டாம். ஊரில் நெட் எடுக்கும் இடம் எது என்று அவருக்குத்தான் தெரியுமே.

## வழி 2: வீட்டை நீண்ட கால லீசுக்கு விடுவது

பழைய வீடுகளை எடுத்துச் செப்பனிட்டு, பாரம்பரிய விடுதியாக நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. யாரும் குடியிருக்காத வீட்டுக்கு இது உயிர் பிழைக்கும் வழி. தரங்கம்பாடியில் டேனிஷ் காலக் கட்டடங்கள் சில இன்று நிமிர்ந்து நிற்பது விடுதியானதால்தான். பூட்டிய ஓட்டு வீடு ஒவ்வொரு மழைக்கும் ஓடு தாங்கும் கைமரம் ஒன்றை இழக்கும். குரங்கு ஓட்டைக் கலைக்கும், தண்ணீர் இறங்கும், கரையான் ஏறும். பத்து வருடம் பூட்டி வைத்தால் விற்பதற்கு மனை மட்டும்தான் மிஞ்சும்.

இந்த வழியில் நீங்கள் பணம் போட வேண்டியதில்லை, வாடகை மாதம் தவறாமல் வரும். காகிதத்தில் பார்த்தால் நான்கு வழிகளில் இதுதான் சிறந்தது. காகிதத்தில்.

எங்கள் உறவில் ஒரு வீட்டைப் பதினைந்து வருட லீசுக்கு விட்டார்கள். எடுத்தவர்கள் இரண்டாம் கட்டின் நடுச்சுவரை இடித்து, எட்டு அறை ஆக்கி, எட்டு குளியலறை கட்டினார்கள். 2020 வந்தது. நான்கு மாதம் வாடகை நின்றது, ஐந்தாவது மாதம் சாவியை அனுப்பிவிட்டார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் எட்டு பாத்ரூமோடு ஒரு வீடு திரும்பி வந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்தவும் முடியவில்லை, இன்னொருவருக்கு விடவும் முடியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், வீட்டுக்காரர் பதினைந்து வருடம் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று இருந்தது. எடுத்தவருக்கு இரண்டு மாத நோட்டீஸ் போதுமாம். கையெழுத்துப் போட்டபோது யாரும் அதைப் படிக்கவில்லை.

ஆகவே, கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

மனை யாருடையது? டெல்டாவில் சன்னதித் தெரு, மடவிளாகம், அக்கிரகாரம் என்று போனால் ஏராளமான வீடுகள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோ நிற்கின்றன. மேலே உள்ள கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுடையது. அடிமனை வாடகை நிலுவை இல்லாமல் இருக்க வேண்டும், மேல்வாடகைக்கு விட அனுமதியும் வேண்டும். தாத்தா காலத்தோடு ரசீது நின்றுபோயிருந்தால் முதலில் அந்தப் பாக்கிதான் எழுந்து வரும்.

எத்தனை கையெழுத்து? பாகம் பிரிக்காத சொத்தில் ஓர் அக்கா அமெரிக்காவில் இருந்தாலும் அவர் கையெழுத்தும் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் போகும் லீசைப் பதிவு செய்தே ஆகவேண்டும். வெறும் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நாளை நீதிமன்றத்தில் நிற்காது.

கோயிலுக்கு எவ்வளவு தூரம்? பெரிய கோயில், தாராசுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்புறம் 200 மீட்டர் அனுமதியோடு மட்டும். இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கவே விண்ணப்பம் போட வேண்டிய இடத்தில் எட்டு பாத்ரூம் கனவு காணக் கூடாது. (இந்த விதி வழி 1-க்கும் பொருந்தும்.)

மூடல் காலத்தில் என்ன? அரசு ஆணையால் மூடினால் வாடகை எவ்வளவு குறையும், எத்தனை மாதத்துக்கு, அப்போது ஓடு மாற்றும் செலவு யாருடையது என்று மூன்று வரி எழுதுங்கள். வெளியேறுவதற்கான நோட்டீஸ் இருவருக்கும் ஒரே காலமாக இருக்கட்டும். எதை இடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று வரைபடத்தோடு இணையுங்கள். முன்பணம், வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையாவது தாங்க வேண்டும்.

ஊருக்கு என்ன கிடைக்கும் என்பது எடுப்பவரைப் பொறுத்தது. மேனேஜரிலிருந்து சமையல்காரர் வரை வெளியூரிலிருந்து வந்தால், தெருவுக்கு மிஞ்சுவது வண்டிப் புகையும் குப்பையும். உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்று பேச்சில் சொல்வார்கள், அதையும் பத்திரத்தில் ஏற்றுங்கள்.

## வழி 3: பகலோடு அனுப்பிவைப்பது

இதைத்தான் நான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

காலை ஒன்பதரைக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். திண்ணையில் ஃபில்டர் காபி. ஆற்றங்கரையில் ஒரு நடை. பதினொரு மணிக்கு சுவாமிமலைப் பட்டறை ஒன்று. ஒன்றரைக்கு எங்கள் கூடத்தில் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் தாராசுரம். ஆறரைக்கு வண்டி ஏறிவிடுவார்கள். ராத்திரி என் வீடு என் வீடுதான்.

மறுபடி கற்பனைக் கணக்கு. தலைக்கு 900 வீதம் எட்டுப் பேருக்கு 7,200. சாப்பாட்டுக்கு 1,600, பட்டறைக்கு 1,600, சமையலுக்கும் இலை எடுக்கவும் வரும் இருவருக்கு 800. மிச்சம் 3,200. வருடத்தில் 40 நாள் என்றால் 1,28,000. முதலீடு ஒரு நல்ல கழிப்பறை, கை கழுவும் இடம், பத்துப் பாய், தட்டுமுட்டுச் சாமான். ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம். இதில் பட்டறைக்கு மட்டும் வருடத்துக்கு 64,000 போகிறது. என் வீட்டுக்கு வந்த பணத்தில் ஊரில் புழங்குவது இவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்ல முடிகிற வழி இது ஒன்றுதான்.

பட்டறையை ஏன் சேர்த்தேன் என்றால், காவிரியை அங்கே பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க முடியாது. குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரியின் வண்டலைப் பூசிக் காயவைத்து, நெருப்பில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் மேல் இழுத்த நகக் கீறல்கூடச் சிலையில் பதியும். அந்த வண்டல் அவ்வளவு மென்மை. ஆற்றுக்கு வெள்ளம் வராத வருடங்களும் மணல் அள்ளலும் பட்டறைக்காரருக்கு ஏன் கவலை என்பது விருந்தாளிக்கு அங்கே தானாகப் புரிந்துவிடுகிறது. சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோயில் விளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் என்று புவிசார் குறியீடு பெற்ற நான்கு கைத்தொழில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. வேறு எந்த ஊர்க்காரருக்கு இது வாய்க்கும்?

தொந்தரவு இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் வாரத்துக்கு நான்கு நாள் ஒரே பட்டறைக்கு ஆட்களை அழைத்துப்போனேன். பட்டறைப் பெரியவர் ஒரு நாள் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, வர்றவங்க நல்லவங்கதான். ஆனா உலோகம் ஊத்துற நாள்ல நமக்கே நிக்க எடமில்ல. போட்டோ எடுக்கத் திரும்பினவரு கால்ல சிந்தினா யாரு பதில் சொல்றது?" அதிலிருந்து வாரத்துக்கு ஒரு பட்டறைக்கு ஒரு நாள்தான். மெழுகு வேலையும் உளி வேலையும் நடக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போகிறேன். உலோகம் ஊற்றும் நாள் என்றால் வாசலோடு சரி.

டிரைவர் கமிஷன் இன்னொரு மறைமுகச் செலவு. வெளியூர் வண்டி ஓட்டுபவர்களுக்குப் பழகிய கடைகள் இருக்கும். அங்கே கிடைக்கும் பங்கு உங்களிடம் கிடைக்கவில்லை என்றால் "அந்த ரோடு சரியில்ல சார்" என்று விருந்தாளியிடம் சொல்லிவிடுவார்கள். கமிஷன் தருவதில்லை என்று முடிவு செய்தேன். டிரைவருக்கும் கூடத்தில் அதே இலைதான் போடுகிறேன். பாதிப் பேர் சமாதானமாகிவிட்டார்கள்.

தொற்றுக்காலச் சோதனைக்கு வருவோம். ஆறு மாதம் யாரும் வராவிட்டால் இதில் கையிலிருந்து போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-ல் கோயில் திருப்பணிகள் நின்றபோது பட்டறைகளின் ஆர்டரும் நின்றது. விருந்தாளியும் இல்லை, ஆர்டரும் இல்லை. பட்டறை வீட்டில் சுற்றுலாப் பணத்தை மாதச் செலவுக்கு நம்பாமல், நகைக் கடனை அடைக்கவோ படிப்புக்கோ ஒதுக்கி வைப்பது நல்லது என்று சுவாமிமலைக்காரருக்கு எழுதினேன். மாடியில் அறை எழுப்பும் யோசனையைத் தள்ளிப்போடச் சொன்னதும் இதனால்தான். அவரிடம் இருப்பதைப் பார்க்கத்தான் ஆள் வருகிறது. தூங்குவதற்குக் கும்பகோணத்தில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

யாருக்கு ஒத்துவராது? பேச்சு வராதவர்களுக்கு. ஒரே கதையை நாற்பது நாள் அலுக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். என் மனைவிக்கு என் கதைகள் எல்லாம் மனப்பாடம்.

## வழி 4: வயலில் காட்டேஜ்

இதற்கு அதிகம் எழுதப்போவதில்லை. நஞ்சை நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்குவது நீண்ட வேலை. டெல்டாவில் வயல் என்பது வாய்க்காலும் வடிகாலும் பின்னிய வலை. நடுவில் மண் கொட்டி மேடாக்கினால் ஐப்பசி மழையில் மேல் வயல்காரரின் சம்பா மூழ்கும். அவர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. முதலீடு கோடியைத் தொடும், திரும்பப் பழையபடி வயலாக்க முடியாது. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கமானால் புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்க நிறையப் பணமும், இழந்தால் தாங்கும் மனமும் இருப்பவர்கள் என்னைக் கேட்டு முடிவெடுக்கப் போவதில்லை.

வண்டி வாங்கி நவக்கிரகச் சுற்று ஓட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒன்பது கோயிலில் திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. ஊரடங்கில் இரண்டு அரசுகளின் கட்டுப்பாடுகளுக்கு நடுவே அந்தச் சுற்று அறுந்துபோனது. வண்டிக்கான தவணை மட்டும் ஓடியது. ஏற்கெனவே வண்டி ஓட்டுபவருக்குச் சரி, புதிதாகக் கடனில் வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | தங்க வைப்பது | லீஸ் | பகல் விருந்து | வயல் காட்டேஜ் |
|---|---|---|---|---|
| ஆள் வராத ஆறு மாதம் | கடன் இருந்தால் வட்டி | வாடகை நிற்கலாம், சாவி திரும்பலாம் | ஏறக்குறைய செலவில்லை | பராமரிப்பு, சம்பளம், வட்டி |
| தொடக்கச் செலவு | சில லட்சம் | எடுப்பவருடையது | ஒன்றரை லட்சத்துக்குள் | மிக அதிகம் |
| வீட்டில் ஆள் வேண்டுமா | எப்போதும் | வேண்டாம் | பகலில் மட்டும் | ஊழியர்கள் |
| ஊருக்கு | தண்ணீர், கழிவுநீரில் கவனம் தேவை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | பணம் பரவும், கூட்டத்துக்கு வரம்பு தேவை | வடிகால் அடைபடும் |
| பழையபடி ஆக்க | முடியும் | கடினம் | நாளைக்கே நிறுத்தலாம் | முடியாது |
| ஒளிந்திருக்கும் செலவு | அம்மாவின் உழைப்பு, தீட்டு நாள் | அடிமனை பாக்கி, இடித்த சுவர் | டிரைவர் கமிஷன் | பக்கத்து வயல்காரர் |

## மகாமகம் வருகிறதே?

இதையும் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாக 2016, அடுத்தது 2028. "அதற்குள் நான்கு அறை எழுப்பிவிட்டால் போட்டதை எடுத்துவிடலாம்" என்று ஒரு கணக்கு ஊருக்குள் ஓடுகிறது. சில நாள் விழா அது. அந்த நாட்களில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கிடைக்கும், அதற்குக் கட்டடம் தேவையே இல்லை. விழா முடிந்த மறுநாள் அந்த நான்கு அறையில் யார் தங்குவார்கள் என்று யோசித்துவிட்டுச் செங்கல் இறக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கழிப்பறையையும் மோட்டாரையும் சரிசெய்ய அதை ஒரு கெடுவாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

## மூவரும் என்ன முடிவெடுத்தார்கள்

குத்தாலம்காரர் ஓர் அறையை மட்டும் சரி செய்கிறார். பட்டறைப் பெண், மாதத்தில் நான்கு சனிக்கிழமை மட்டும் பத்து பத்துப் பேராகப் பட்டறையைக் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். என் கதையை அங்கே சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவருடைய சொந்தக் கதை இதைவிட நன்றாக இருக்கும்.

திருக்கருகாவூர் அண்ணன் தம்பிகளுக்கு லீஸ்தான் வழி. மூவருக்குச் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார். அதற்குள் அடிமனை ரசீதைத் தேடியதில் கடைசியாகக் கட்டியது தாத்தா காலத்தில் என்று தெரிந்திருக்கிறது. பாக்கிக் கணக்கைக் கோயில் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அது வந்து, நான்காவது கையெழுத்தும் வந்து, எடுப்பவரும் கிடைப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். ஐப்பசிக்கு முன்னால் ஆளை வைத்து ஓட்டை ஒருமுறை பிரித்து அடுக்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.